போர்ட்ஃபோலியோ தளத்தைத் திருத்திக் கட்டுவது எப்படி: புதிதாகத் தொடங்கும் டிசைனர்களுக்கு

என் பழைய போர்ட்ஃபோலியோவை ஒரு நண்பரின் மொபைலில் முதன்முதலாகப் பார்த்தபோது மனசு கனத்துப் போனது. முகப்பில் என் பெயர் எழுத்து எழுத்தாக மெல்ல எழும்பி வந்தது. அது முடியும் வரை வேறு எதையும் தொட முடியாது. முடிந்ததும் அவர் கேட்டார்: "சரி, நீ என்ன வேலை செய்யறேன்னு எங்க போட்டிருக்கே?" அதற்கான பதில் இரண்டாவது பக்கத்தின் அடியில் இருந்தது. அந்தத் தளத்துக்காக நான் மூன்று மாதம் உழைத்திருந்தேன்.

போர்ட்ஃபோலியோவும் ஒரு கருவிதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதைப் பயன்படுத்துபவர், பத்து டேப்களைத் திறந்து வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர். அவருக்கு நேரம் குறைவு. கீழே உள்ள படிகள் எல்லாமே அவரை மனதில் வைத்து எழுதியவை. கோட் எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. டெம்ப்ளேட்டில் கட்டிய தளத்துக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

படி 1: எதையும் மாற்றாமல் மற்றவர் கையில் கொடுங்கள்

ஃபிக்மாவை, அதாவது திரைகளை வரையும் டிசைன் மென்பொருளை, இப்போதே திறக்க வேண்டாம். உங்கள் தளத்தை இதுவரை பார்க்காத மூன்று முதல் ஐந்து பேரைக் கூப்பிடுங்கள். அதில் ஒருவராவது டிசைன் துறைக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். அவரவர் மொபைலிலேயே தளத்தைத் திறக்கச் சொல்லி, மூன்று வேலைகள் கொடுங்கள்:

- இந்த நபர் எந்த மாதிரி டிசைனர் என்று சொல்லுங்கள்.
- இவர் செய்த ஒரு வேலையைத் திறந்து, அதில் இவர் பங்கு என்ன என்று கண்டுபிடியுங்கள்.
- இவருக்கு ஒரு மெயில் அனுப்ப வேண்டும். அதற்கான இடம் வரைக்கும் போங்கள்.

மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் பேசவே கூடாது. இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பகுதி. அவர் தடுமாறும்போது "மேலே வலது பக்கம் பாருங்க" என்று நாக்கு நுனி வரை வரும். அடக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் உண்மையான பார்வையாளர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. விரல் எங்கே தயங்குகிறது, எதை இரண்டு முறை தட்டுகிறார், எங்கே பின்னால் திரும்புகிறார் என்பதை மட்டும் தாளில் குறியுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

இத்தனை குறைவான பேர் போதுமா என்ற சந்தேகம் வரும். 1993-ல் பயன்பாட்டு ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவரை வைத்துச் சோதித்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் தெரிய வருகின்றன என்றால், ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும். எல்லாத் தளங்களுக்கும் இந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனால் நாலைந்து பக்கத் தளம் ஒன்றுக்கு, மூன்றாவது ஆளிலேயே அதே தடுமாற்றம் திரும்ப வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

குறிப்புகளை இப்படி வரிசைப்படுத்துங்கள்: வேலையை முடிக்கவே விடாமல் தடுத்தவை முதலில், தாமதப்படுத்தியவை அடுத்து, எரிச்சல் மட்டும் தந்தவை கடைசியில். திருத்த வேண்டிய வரிசையும் இதுவே.

படி 2: ஒரே வாக்கியம்

முகப்பின் மேலே, ஸ்க்ரோல் செய்யாமலே தெரிகிற இடத்தில் வர வேண்டிய வாக்கியத்தை எழுதுங்கள். "படைப்பாற்றலால் அனுபவங்களைச் செதுக்குகிறேன்" என்பது எந்த டிசைனருக்கும் பொருந்தும், அதனால் அது எதையும் சொல்லவில்லை. "மருத்துவச் செயலிகளின் சிக்கலான படிவங்களை எளிமையாக்கும் இன்டர்ஃபேஸ் டிசைனர்" என்றால் தேடி வந்தவருக்கு உடனே தெரிந்துவிடும். எழுதியதில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் இன்னும் கூர்மையாக்க வேண்டும்.

படி 3: வேலைகளைக் கழியுங்கள்

மூன்று முதல் ஐந்து வேலைகள் போதும் என்பது என் கருத்து. பன்னிரண்டு வேலைகளைப் போட்டால் பார்ப்பவர் எதைத் திறப்பார் என்பது உங்கள் கையில் இல்லை. சுமாரான ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுப் போய்விடலாம். இனிமேல் எந்த மாதிரி வேலை வர வேண்டுமோ அதை முன்னால் வையுங்கள். லோகோ வேலையே வேண்டாம் என்று முடிவு செய்தவர், எவ்வளவு அழகாக இருந்தாலும் லோகோக்களை முகப்பில் வைக்கக் கூடாது.

ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்ட வேலை என்றால் வாடிக்கையாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

படி 4: மெனு, முகப்பு, தொடர்பு

இப்போது ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பக்கங்களைப் பெட்டிகளாக வரையுங்கள். பெரும்பாலானோருக்கு மெனுவில் மூன்று சொற்கள் போதும்: வேலைகள், என்னைப் பற்றி, தொடர்பு. "பயணம்", "ஆய்வகம்", "கிறுக்கல்கள்" மாதிரிப் பெயர்களை வைக்கத் தோன்றும். உள்ளே என்ன இருக்கிறது என்று தட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றால், அந்தப் பெயர் பார்ப்பவர் நேரத்தைத் தின்கிறது. மூன்று சொற்களை மூன்று கோட்டு ஐகானுக்குள் ஒளித்து வைக்கவும் தேவையில்லை. மொபைல் திரையிலும் அவற்றுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

வேலைகளின் அட்டைகளில் தலைப்பும் ஒரு வரி விளக்கமும் எப்போதும் தெரியட்டும். மவுஸைக் கொண்டுபோனால்தான் தலைப்பு வரும் என்ற அமைப்பு டிசைனர்கள் தளங்களில் நிறைய உண்டு. தொடுதிரையில் மவுஸே கிடையாது. என் நண்பர் மொபைலில் என் வேலைகளெல்லாம் பெயரில்லாத படங்களாக நின்றதற்குக் காரணம் இதுதான்.

மெயில் முகவரியை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், காப்பி செய்யக்கூடிய எழுத்தாகவே போடுங்கள். படிவம் மட்டும் வைத்தால், அது பழுதானது உங்களுக்குத் தெரியவே தெரியாது. வராத மெயிலை யாரும் தேடுவதில்லை. படிவமும் வேண்டும் என்றால் பெயர், மெயில், செய்தி என்ற மூன்று கட்டங்களோடு நிறுத்துங்கள். கட்டத்துக்குள் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே போகக் கூடாது. போனால் ஐபோன் சஃபாரியில் கட்டத்தைத் தொட்டவுடன் பக்கம் தானாகப் பெரிதாகிவிடும்.

படி 5: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கதை

நேரம் அதிகம் செலவிட வேண்டிய படி இது. நான் பார்த்த தொடக்கநிலைப் போர்ட்ஃபோலியோக்கள் பலவற்றில் கேஸ் ஸ்டடி, அதாவது ஒரு வேலையை விளக்கும் பக்கம், என்பது வரிசையாக அடுக்கிய திரைப் படங்களும், நடுவே மஞ்சள் ஒட்டுத்தாள்கள் நிறைந்த சுவரின் ஒரு போட்டோவும்தான். அதைப் பார்ப்பவருக்கு இவர் எப்படி யோசிப்பார் என்பது தெரியாது.

பக்கத்தின் தலையிலேயே ஒரு சின்னச் சுருக்கம் கொடுங்கள்: என்ன பொருள், யாருக்காக, உங்கள் பங்கு, எத்தனை வாரம், உடன் எத்தனை பேர். ஸ்க்ரோல் செய்யாமல் போய்விடுபவருக்கும் இது கிடைத்துவிடும். குழுவாகச் செய்த வேலை என்றால் எது உங்களுடையது என்று நேர்மையாகப் பிரித்துச் சொல்லுங்கள். "நாங்கள் வடிவமைத்தோம்" என்று மட்டும் இருந்தால் நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து, பிரச்சினையை ஒரு பத்தியில். அதற்குப் பிறகு உங்கள் முடிவுகள். செய்த எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம். முக்கியமான இரண்டு மூன்று முடிவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் என்னென்ன வழிகள் இருந்தன, எதை விட்டீர்கள், ஏன் என்று எழுதுங்கள். ஓர் உதாரணம்: "முதலில் பதிவுப் படிவத்தை ஒரே பக்கத்தில் வைத்தேன். சோதனையில் நாலு பேரில் மூன்று பேர் முகவரிப் பகுதியிலேயே நின்றுவிட்டார்கள். அதனால் முகவரியைக் கடைசிப் படிக்குத் தள்ளினேன்." இந்த மூன்று வரிகள், பத்துப் பளபளப்பான மாக்கப்களைவிட (இறுதித் திரையின் மாதிரிப் படங்கள்) உங்களைப் பற்றி அதிகம் சொல்லும். கைவிட்ட வரைவின் படத்தையும் பக்கத்தில் போடுங்கள். அழகாக இல்லையே என்று தயங்காதீர்கள்.

கடைசியில் என்ன ஆனது? கையில் எண் இருந்தால் எண். இல்லையென்றால், கவனித்ததைச் சொல்லுங்கள். பயிற்சிக்காகச் செய்த கற்பனைத் திட்டம் என்றால் அப்படியே எழுதிவிடுங்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. இல்லாத சதவீதத்தைப் போட மட்டும் வேண்டாம்.

இதே நேர்மை "என்னைப் பற்றி" பக்கத்துக்கும் வேண்டும். ஃபோட்டோஷாப் 90 சதவீதம், ஃபிக்மா 85 சதவீதம் என்று வரும் திறமைப் பட்டைகளை எடுத்துவிடுங்கள். எதில் 90 சதவீதம் என்று யாருக்கும் தெரியாது.

படி 6: எழுத்தும் நிறமும் விரலும்

வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து நேர்த்தியாகத் தெரியும், படிக்கத்தான் முடியாது. இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்கு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற வெளிச்ச மாறுபாட்டைக் கேட்கின்றன, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வெள்ளையின் மேல் #999999 என்ற நிறக் குறியீட்டுச் சாம்பலுக்குக் கிடைப்பது சுமார் 2.85 மட்டுமே. #777777 மயிரிழையில் தவறுகிறது, #767676 தேறிவிடுகிறது. நிறங்களைக் கொடுத்தால் கணக்குச் சொல்லும் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. குரோம் பிரவுசரின் டெவலப்பர் கருவிகளிலும் இது உண்டு.

பத்தி எழுத்து 16 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும். அகலமான திரையில் வரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடினால் கண் அடுத்த வரியைத் தவறவிடும், அதனால் பத்தியின் அகலத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். தமிழில் எழுதுபவர்கள் வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். மேலே ஏறும் கொக்கிகளும் கீழே இறங்கும் சுழிகளும் இல்லாவிட்டால் முட்டிக்கொள்ளும்.

தட்டும் இடங்களின் அளவு: அதே அணுகல் வழிகாட்டுதல்களின் 2023-ல் வந்த 2.2 பதிப்பு குறைந்தபட்சம் 24-க்கு 24 பிக்சல் கேட்கிறது. ஆப்பிள் 44, கூகுள் 48 என்று அவரவர் அலகில் சொல்கிறார்கள். நான் 44-ஐப் பின்பற்றுகிறேன்.

படி 7: படங்களின் எடை

டிசைனர் தளம் மெதுவாக இருந்தால் முதலில் படங்களைச் சந்தேகப்படுங்கள். 800 பிக்சல் அகல இடத்தில் காட்டும் படத்தை 4000 பிக்சலில் ஏற்றி வைத்திருப்போம். அடர்த்தி கூடிய திரைகளுக்கும் 1600 போதும். வெப்பி (WebP) அல்லது ஏவிஐஎஃப் (AVIF) என்ற பட வடிவத்துக்கு மாற்றினால் கோப்பு இன்னும் சுருங்கும். படத்தின் அகலமும் உயரமும் கோடில் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் வந்து சேரும்போது எழுத்து கீழே குதிக்கும். கீழே உள்ள படங்களைத் தாமதமாக லோட் ஆக விடலாம். முகப்பின் மேலே உள்ள பெரிய படத்துக்கு மட்டும் அப்படிச் செய்யாதீர்கள்.

பிறகு குரோமில் உள்ள லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவியை ஓட்டிப் பாருங்கள். பக்கத்தின் மிகப் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவருக்கான விளக்கம்) எழுதும் வேலையையும் இப்போதே முடித்துவிடுங்கள். "திரை 1" என்று எழுதினால், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானை நம்பி வருபவருக்கு அதில் ஒன்றுமில்லை. "மூன்று படிகளாகப் பிரித்த பதிவுப் படிவம், கடைசிப் படியில் முகவரி" என்று எழுதுங்கள்.

படி 8: அசைவைக் குறையுங்கள், மவுஸை ஒதுக்குங்கள்

என் எழும்பும் எழுத்துகள் இந்தப் படியில்தான் போயின. அசைவே கூடாது என்று சொல்லவில்லை. காத்திருக்க வைக்கும் அசைவு கூடாது. சிலருக்குத் திரை அசைவு தலைசுற்றல் தரும். அவர்கள் போனிலேயே அசைவைக் குறைக்கும் அமைப்பைப் போட்டு வைத்திருப்பார்கள், தளத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு நிபந்தனை எழுதி அதை மதிக்க முடியும். உங்கள் டெம்ப்ளேட் அதைச் செய்கிறதா என்று அந்த அமைப்பைப் போட்டு ஒரு முறை பாருங்கள்.

அப்படியே மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, டேப் விசையால் மட்டும் தளம் முழுக்கப் போய்வாருங்கள். இப்போது எதில் இருக்கிறோம் என்று காட்டும் கோடு தெரிகிறதா? அசிங்கமாக இருக்கிறது என்று அந்தக் கோட்டை எடுத்துவிட்ட டிசைனர்களில் நானும் ஒருவன். திரும்பப் போட்டுவிட்டேன், என் தளத்தின் நிறத்திலேயே.

படி 9: மாற்றும் நாள்

பழைய பக்கங்களின் முகவரி மாறினால், ஒவ்வொன்றையும் புதியதுக்குத் திருப்பும் 301 அமைப்பைச் செய்யுங்கள். மாதக்கணக்கில் முன்பு அனுப்பிய விண்ணப்பத்தில் உள்ள லிங்க்கை இன்றைக்கும் யாராவது தட்டலாம். லிங்க்கைச் செய்தியில் பகிரும்போது வரும் சிறு படமும் தலைப்பும் சரியாக இருக்கின்றனவா என்று உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். படிவம் இருந்தால் அதன் வழியாகவும் ஒரு செய்தி அனுப்பி, வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் படி 1-ல் எழுதிய அதே மூன்று வேலைகளை, தளத்தை இன்னும் பார்க்காத வேறு மூன்று பேரிடம் கொடுங்கள். பழைய குறிப்புத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்தபோது மெயில் முகவரியை மூன்று பேரும் உடனே கண்டுபிடித்தார்கள். ஆனால் ஒருவர், ஒரு வேலையைப் படித்து முடித்ததும் அடுத்த வேலைக்கு எப்படிப் போவது என்று தேடினார். பக்கத்தின் அடியில் "அடுத்த வேலை" என்று ஒரு லிங்க் சேர்த்தேன்.