பாடத்துக்கு முன்னால் முகத்தைப் பாருங்கள்

வகுப்பு தொடங்கும் முதல் சில நிமிடங்கள் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். வாசலில் நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பாருங்கள். குமரி மாவட்டக் கடற்கரையில் குளச்சல், முட்டம் பக்கத்துப் பள்ளிகளில் கடல் சீறும் நாட்களில் இது கட்டாயம் வேண்டும். 2017-இல் ஒக்கி புயலைக் கண்ட கரை இது. அப்பா கடலில் இருக்கும்போது காற்று பலமாக அடித்தாலே பிள்ளையின் மனசு வகுப்பில் நிற்காது. "சாப்பிட்டியா மக்களே?" என்று கேட்டாலே கொஞ்சம் இளகும்.

அன்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கணக்குப் போடும்போது எண்களை மனதில் பிடித்து வைக்கும் செயல்பாட்டு நினைவு மிகச் சிறியது. பயமும் கவலையும் அதில் இடம் பிடித்துவிட்டால் கணக்குக்கு மிச்சம் இருக்காது. வீட்டில் சரளமாகச் சொன்ன வாய்ப்பாடு, வகுப்பில் ஒரு அதட்டலில் மறந்துபோவது அதனால்தான். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம், கேள்வி கேட்டதும் அடுத்த பிள்ளைக்குத் தாவாதீர்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் 1 நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் கண்டறிந்தார். 3 நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். தப்பான பதில் வந்தால், "எப்படி யோசிச்சே?" என்று கேளுங்கள். மற்றவர்கள் சிரித்தால் அங்கேயே நிறுத்துங்கள். கேலிக்கு ஆளான பிள்ளை அப்புறம் கை தூக்காது.

மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிக்காமல், பாடவேளை முடியும்போது விடைத்தாளை மடித்துக் கொடுங்கள்.