வன்னியில் சிறு கடைக்காரர் இணையவழி விற்பனையைத் தொடங்கும் முறை

கொரோனாவால் 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை இலங்கையெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, பரந்தனிலும் மாங்குளத்திலும் கடைக்குள் சாமான் இருந்தது. வாங்குபவர்தான் வாசலுக்கு வர முடியவில்லை. கொழும்பின் பேரங்காடிகள் இணையத்தளங்கள் வழியாக வீட்டு விநியோகத்தைப் பெருக்கின. நம்மவர் கைக்கு எட்டியவை வாட்ஸ்அப், வைபர், மோட்டார் சைக்கிள் ஆகியவையே. 2021 ஓகஸ்ட் 20ஆம் திகதி தொடங்கிய தனிமைப்படுத்தல் ஊரடங்கு ஒக்டோபர் வரை நீண்டது. அன்று அவசரத்துக்குச் செய்ததை இன்று ஒழுங்காகச் செய்யலாம்.

முதலில் இணையத்தளத்துக்குக் காசு செலவிட வேண்டாம். கடைக்கெனத் தனித் தொலைபேசி இலக்கம் எடுத்து, வியாபாரிகளுக்கான இலவசச் செயலியான வாட்ஸ்அப் பிசினஸைப் பதிவிறக்குங்கள். அதன் பட்டியலில் 500 பொருட்கள் வரை இடலாம் என்றாலும், நாளாந்தம் விற்கும் முப்பது நாற்பது பொருட்களை நிறை, விலை, சொந்தப் படம் ஆகியவற்றுடன் இட்டால் போதும். “அரிசி” என்று மட்டும் எழுதாமல் வெள்ளைப் பச்சையா, சிவப்புக் குத்தரிசியா, மொட்டைக்கறுப்பனா என்று எழுதுங்கள். முடிந்துபோன பொருளை ஒவ்வொரு காலையும் பட்டியலிலிருந்து மறைத்துவிடுங்கள். இல்லாத சீனிக்கு ஓடர் எடுத்த கடையை மக்கள் இரண்டாம் முறை நம்புவதில்லை.

வாடிக்கையாளரை வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதை நான் விரும்புவதில்லை, ஏனெனில் பெண்களின் தொலைபேசி இலக்கங்கள் முன்பின் தெரியாதவர் கண்ணிலும் படுகின்றன. ஒரே செய்தியை 256 பேர் வரையானோருக்குத் தனித்தனியே அனுப்பும் ‘புரோட்காஸ்ட்’ வசதி உண்டு; ஆனால் உங்கள் இலக்கத்தைச் சேமித்தவருக்கே அது போய்ச் சேரும் என்பதால், முதல் விற்பனையிலேயே சேமிக்கச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் முதியவரிடம் குரல் பதிவாகவோ அழைப்பிலோ ஓடர் எடுங்கள்.

விநியோகத்தில்தான் இலாபம் கரையும். பரந்தன் கடையென்றால் முல்லைத்தீவு வீதியில் தர்மபுரம், விசுவமடுப் பக்கத்துக்குக் கிழமையில் இரு நாள், பூநகரிப் பக்கத்துக்கு ஒரு நாள் என வகுத்து, முதல் நாள் பின்னேரத்துடன் ஓடரை நிறுத்துங்கள். வீட்டு இலக்கத்தை மட்டும் நம்பாமல், வரைபட இருப்பிடத்தை ஒருமுறை வாங்கி, குளக்கட்டு, மதகு, பள்ளிக்கூடம் போன்ற அடையாளத்தையும் பெயருடன் குறித்து வையுங்கள்.

காசைக் கையிலோ, வங்கி மாற்றாகவோ, கைபேசியால் குறியீட்டை வருடிப் பணம் செலுத்தும் லங்காகியூஆர் வழியாகவோ பெறலாம். பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தை நம்பாமல், உங்கள் கணக்கில் வரவு விழுந்ததைப் பார்த்த பின்பே சாமானை ஏற்றுங்கள்.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகள் ஊரிலுள்ள தாய் தந்தைக்காகச் செய்யும் ஓடர்களைத் தனிக் கவனத்துடன் நடத்த வேண்டும். ரொறன்ரோவில் பகல் நமக்கு இரவு. ஆகவே விலையும் விநியோக நாளும் தானியங்கிப் பதிலில் இருக்கட்டும். பணம் பிள்ளையுடையதானாலும் சமைப்பவர் அம்மா. ஒரு பொருளுக்குப் பதிலாக இன்னொன்றை வைக்குமுன் அவரிடம் கேளுங்கள். பொதி கட்டுமுன் சாமானையும் பற்றுச்சீட்டையும் படமெடுத்துப் பிள்ளைக்கு அனுப்புங்கள்.

பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம். எனவே விநியோகக் கட்டணத்தைப் பற்றுச்சீட்டில் தனி வரியாக எழுதி, ஓடர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பழுதான பொருளை அடுத்த பயணத்தில் திருப்பி எடுத்து, அதை அன்றே கொப்பியில் பதியுங்கள்.