பழைய டெக்கை கம்ப்யூட்டர் மானிட்டரில் இணைக்கலாம்: எந்த அடாப்டர், எந்தப் பக்கம்?

அப்பா அம்மா கல்யாணம் 1993இல். அந்தக் கல்யாண வீடியோ கேசட் அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இத்தனை வருடமும் பத்திரமாக இருந்தது. பெரியப்பா வீட்டுப் பரணில் அதை ஓட்டும் டெக்கும் (வி.சி.ஆர்.) கிடைத்துவிட்டது. டியூப் டிவி மட்டும் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது என் மேசைமேல் இருக்கும் 22 இன்ச் மானிட்டர்தான். அதில் படம் வரவைக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

எடுத்து வைக்க வேண்டியவை

டெக்கின் பின்புறம் பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகளில் 'அவுட்' என்று போட்டிருப்பவைதான் நமக்கு வேண்டும். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. பல டெக்குகளில் சத்தத்துக்கு ஒரே ஓட்டைதான் இருக்கும். அது பழுதில்லை, மோனோ டெக் அப்படித்தான். மானிட்டரில் எச்.டி.எம்.ஐ. (தட்டையான சின்ன ஓட்டை) இருக்கிறதா, வி.ஜி.ஏ. (15 சிறு துளைகள் உள்ள பழைய வகை) மட்டும்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம்

கடையில் கேட்டதும் ஒரு கேபிளைக் கொடுத்தார்கள். ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ., மறுமுனையில் மூன்று கலர் பின். செருகினால் வேலை முடிந்தது என்றார்கள். மானிட்டர் 'நோ சிக்னல்' என்றது. கேபிள் பழுது என்று நினைத்து மாற்றி வாங்கினேன், அதே கதை. வி.ஜி.ஏ. முனை உள்ளதையும் முயன்றேன், அதிலும் வரவில்லை.

அந்த ஒயர்கள் எதுவும் பழுதில்லை. அவற்றால் இந்த வேலையைச் செய்யவே முடியாது. டெக்கிலிருந்து வருவது அனலாக் சிக்னல். நம் ஊர் டிவிகளின் 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் அது நொடிக்கு 15,625 கோடுகள் வரையும். சாதாரண வி.ஜி.ஏ. மானிட்டர் குறைந்தபட்சம் நொடிக்குச் சுமார் 31,500 கோடுகளை எதிர்பார்க்கும். அதோடு, மஞ்சள் ஒயரில் நிறமும் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்து வருகின்றன; வி.ஜி.ஏ.வுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வேண்டும். எச்.டி.எம்.ஐ. முழுக்க டிஜிட்டல். இதையெல்லாம் பிரித்து, கணக்குப்போட்டு, புதிதாகப் படம் எழுப்ப நடுவில் ஒரு சிப் இருந்தே ஆகவேண்டும். சிப்புக்குக் கரண்ட் வேண்டும். ஆகவே கடையில் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதுக்குத் தனியா பவர் குடுக்கணுமா?" வேண்டாம் என்றால் வாங்காதீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கன்வெர்ட்டர் பெட்டி. இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. பார்க்க ஒரே மாதிரி இரண்டு வகைப் பெட்டி விற்கிறார்கள். ஒன்று ஏ.வி.யை (மூன்று கலர் ஒயரில் வரும் சிக்னலை) எச்.டி.எம்.ஐ. ஆக்கும், மற்றது எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி. ஆக்கும். ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றதாகாது. நமக்கு வேண்டிய பெட்டியில் மூன்று கலர் பக்கம் 'இன்புட்', எச்.டி.எம்.ஐ. பக்கம் 'அவுட்புட்' என்று அச்சடித்திருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

இணைப்பது

டெக்கின் அவுட்டிலிருந்து மூன்று கலர் கேபிளைப் பெட்டியின் இன்புட்டுக்கு, பெட்டியிலிருந்து எச்.டி.எம்.ஐ. கேபிளை மானிட்டருக்குச் செருகுங்கள். பெட்டிக்கு 5 வோல்ட் பவர். பழைய போன் சார்ஜரே போதும். மானிட்டரின் யு.எஸ்.பி. போர்ட்டிலிருந்தும் எடுக்கலாம், ஆனால் எனக்குத் தனி சார்ஜர்தான் பிடிக்கும். மானிட்டர் தூங்கினால் கன்வெர்ட்டரும் சேர்ந்து அணைகிற தொல்லை இல்லை.

பெட்டியின் பக்கவாட்டில் 720, 1080 என்று சின்ன சுவிட்ச் இருக்கும். உங்கள் மானிட்டருக்கு எது சரியாக வருகிறதோ அதை வையுங்கள். 1080இல் வைத்தால் தெளிவு கூடும் என்று எண்ண வேண்டாம். வி.எச்.எஸ். (வீட்டு வீடியோ கேசட் வகை) டேப்பில் பதிந்திருப்பதே ஏறத்தாழ 240 கோடுகள் அளவு நுணுக்கம்தான்.

முதலில் முக்கியமான கேசட்டைப் போடாதீர்கள். பல வருடம் ஓடாத டெக் டேப்பை இழுத்துச் சிக்கவைத்துவிடும். இழந்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டை அரைமணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். கேசட்டின் கண்ணாடி வழியே டேப் சுருளில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அதைப் போடவே வேண்டாம். பூஞ்சை டெக்கின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். டேப்பைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

படம் வந்த பிறகு

எங்கள் வீட்டில் முதலில் தெரிந்தது தாத்தா. ஆனால் பக்கவாட்டில் இழுபட்டு அகலமாக! பழைய படம் 4:3, மானிட்டர் 16:9. பெட்டி அதை இழுத்து நிரப்பிவிடுகிறது. மானிட்டர் மெனுவில் 'ஆஸ்பெக்ட்' என்ற இடத்தில் 4:3 வைத்தால் முகங்கள் சரியாகும். இதைத் தயவுசெய்து செய்யுங்கள். போனவர்களின் முகத்தை அவர்கள் இருந்தபடியே பார்க்க வேண்டும்.

படத்தில் கோடுகள் ஓடினால் டெக்கின் டிராக்கிங் பொத்தானை மெல்ல நகர்த்துங்கள். அது டேப்பின் விஷயம், அடாப்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

சத்தம்: எச்.டி.எம்.ஐ. வழியாகச் சத்தமும் போகிறது, ஆனால் பல மானிட்டர்களில் ஸ்பீக்கர் கிடையாது. மானிட்டரின் இயர்போன் ஓட்டையில் ஸ்பீக்கரைச் செருகுங்கள். மோனோ டெக் என்றால் ஒரு பக்கம் மட்டும் கேட்கும். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் பின் வாங்கினால் நாதஸ்வரம் இரண்டு பக்கமும் வரும்.

பிறகு சேர்த்தது

படித்தவர்கள் சிலர் செய்து பார்த்துவிட்டு எழுதினார்கள்.

மானிட்டரில் வி.ஜி.ஏ. மட்டும் இருந்தால் எச்.டி.எம்.ஐ. பெட்டியும் அதன்மேல் இன்னொரு அடாப்டருமாகக் கோர்க்காதீர்கள். ஏ.வி.யிலிருந்து நேராக வி.ஜி.ஏ. ஆக்கும் பெட்டி தனியாக உண்டு. சதுர மானிட்டருக்கு 1024x768 போன்ற அளவைத் தேர்ந்தெடுக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

டெக்குக்குப் பதில் செட்டாப் பாக்ஸை இணைக்கும்போது, அதில் மூன்று கலருக்குப் பதில் இயர்போன் பின் போல ஒரே ஓட்டை இருந்தால், அதற்கான கேபிளில் நிறங்களை நம்ப முடியாது. பின்னில் உள்ள வளையங்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மஞ்சளில் படம் வராவிட்டால் சிவப்பையும் வெள்ளையையும் மஞ்சள் ஓட்டையில் மாற்றிச் செருகிப் பாருங்கள். எதிலுமே வரவில்லையென்றால் அந்த பாக்ஸுடன் வந்த கேபிளைத்தான் தேட வேண்டும்.

டி.வி.டி. பிளேயரில் படம் வராமல் சத்தம் மட்டும் வந்தால், 'புரோகிரசிவ் ஸ்கேன்' என்ற செட்டிங் ஆன் ஆகியிருக்கலாம். சில பிளேயர்களில் அதை ஆன் செய்தால் மஞ்சள் ஒயரில் படம் நின்றுவிடும். ரிமோட்டிலோ முன்பக்கப் பொத்தானிலோ அணையுங்கள்.

கேசட் போட்டு விளையாடும் பழைய வீடியோ கேமும் இதே பெட்டியில் ஓடும். ஆனால் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் ஆள் தாவுவதற்கும் நடுவே சிறு தாமதம் இருக்கும். அதற்கு மட்டும், கிடைத்தால் ஒரு டியூப் டிவியே மேல்.