உலக ஒப்பந்தமும் மாநிலச் சட்டமும்: மனு எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாநிலச் சட்டங்கள் மீதான வழக்குகளில் பன்னாட்டு ஒப்பந்தங்களைக் காட்டி ஜூனியர் வழக்கறிஞர்கள் எழுதித் தரும் மனு வரைவுகளைத் திருத்துவது என் வேலையில் ஒரு பகுதி. ஆட்கள் மாறுகிறார்கள், வழக்குகள் மாறுகின்றன, தவறுகள் மட்டும் அப்படியே வருகின்றன. உடன்படிக்கையின் பெயரைத் தப்பாக எழுதுவது, கையெழுத்திட்ட தேதியையும், அதற்குக் கட்டுப்படுவதாக நாடு ஏற்புறுதி செய்த தேதியையும் குழப்புவது போன்றவற்றை இங்கே பேசப் போவதில்லை. அவற்றை ஒருமுறை சரிபார்த்தாலே பிடித்துவிடலாம்.

“இந்தியா கையெழுத்திட்டுவிட்டது, ஆகவே மாநிலச் சட்டம் செல்லாது”

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். தெரிந்த இளைஞர் ஒருவர் மாநில அரசின் தொழிலாளர் விதி ஒன்றை எதிர்த்து மனு போட்டார். பக்கம் பக்கமாக பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை வாசகங்கள். நீதிபதி பொறுமையாகப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “இதை நடைமுறைப்படுத்த நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எது?” பதில் இல்லை. இடைக்காலத் தடையும் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அந்த விதியை அரசமைப்பின் அடிப்படை உரிமைகளை வைத்தே தாக்கியிருக்கலாம். அந்த வாதம் மனுவின் கடைசியில் நாலு வரியாக ஒடுங்கிக் கிடந்தது. நஷ்டம் கட்சிக்காரருக்கு.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது ஒன்றிய அரசின் நிர்வாக அதிகாரம். அரசமைப்பில் ஒன்றியத்துக்கான பொருள்களைச் சொல்லும் ஒன்றியப் பட்டியலின் 14ஆவது இனமும், உறுப்பு 73ம் சேர்ந்து அதைத் தருகின்றன. கையெழுத்துக்கு நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவையில்லை, மாநிலங்களைக் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இவ்வளவு சுளுவாகக் கையெழுத்திட முடிவதால்தான் அந்தக் கையெழுத்து மட்டும் உள்நாட்டுச் சட்டத்தை மாற்றிவிடக் கூடாது என்கிறோம். இல்லாவிட்டால் ஓர் அமைச்சகம் வெளிநாட்டில் ஒரு தாளில் ஒப்பமிட்டு, சட்டமன்றம் நிறைவேற்றியதை அழித்துவிடலாமே!

உறுப்பு 253 தரும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு. ஒப்பந்தத்தையோ, பன்னாட்டு மாநாட்டு முடிவையோ செயல்படுத்த அது சட்டம் இயற்றலாம். பொருள், மாநிலங்கள் சட்டம் இயற்றுவதற்கான மாநிலப் பட்டியலில் இருந்தாலும் தடையில்லை. அப்படி இயற்றப்பட்ட சட்டத்தோடு மோதும்போதுதான் மாநிலச் சட்டம் தோற்கும். ஒப்பந்தம், அதற்கான சட்டம், பிறகு முரண். வரைவுகளில் எப்போதும் காணாமல் போவது நடுவில் இருப்பது.

உச்ச நீதிமன்றம் இதை 1980இலேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. கடனைக் கட்டாததற்காக ஒருவரைச் சிறையில் அடைக்கலாமா என்பது கேள்வி. கூடாது என்கிறது குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 11ஆவது உறுப்பு. ஆனால் அது தானாக உள்நாட்டுச் சட்டம் ஆகாது என்றது நீதிமன்றம். அதோடு விட்டுவிடவுமில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஆவது பிரிவை அந்த உடன்படிக்கையின் வெளிச்சத்தில் குறுக்கிப் படித்து, கடனாளிக்கு நியாயம் செய்தது. 2023இல் நெஸ்லே வழக்கு. இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின் சலுகை வேண்டுமென்றால் வருமான வரிச் சட்டத்தின் 90ஆவது பிரிவின் கீழ் அறிவிக்கை வந்திருக்க வேண்டும் என்று மறுபடியும் அதே பாடம்.

சரி, அப்படியானால் உடன்படிக்கையை மேற்கோள் காட்டுவதே வீணா? இல்லை. சட்டத்தில் இடைவெளி இருந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. 1997இல் விசாகா வழக்கில் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான நெறிமுறைகளை வகுக்க, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையைத்தான் நீதிமன்றம் துணைக்கு எடுத்தது. நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவர 2013 ஆனது. ஆக, உடன்படிக்கையைப் பொருள் விளக்கத்துக்குத் துணையாக வையுங்கள். சட்டத்தை அறுக்கும் வாளாகத் தூக்காதீர்கள்.

“மாநிலப் பட்டியல் பொருள், நாடாளுமன்றம் தொட முடியாது”

மாநில உரிமை பேசும் நண்பர்கள் விழும் குழி இது. ஒரே மாதிரியான இரண்டு சட்டங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1974ஆம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் உறுப்பு 252 வழியாக வந்தது. மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அதனால்தான் 2024இல் அதைத் திருத்தியபோதும் மாநிலங்களில் முதலில் இமாசலப் பிரதேசத்துக்கும் ராஜஸ்தானுக்கும் மட்டுமே பொருந்தியது. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுச் சட்டம் உறுப்பு 253 வழியாக வந்ததால் அதற்கு அந்தச் சுற்றுவழி வேண்டியிருக்கவில்லை. 1972இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டு முடிவுகளைச் செயல்படுத்துவதாக அதன் முகவுரையே சொல்கிறது. யாருடைய தீர்மானமும் தேவைப்படவில்லை. மாநில அதிகாரத்துக்கு இது நல்லதா என்று கேட்டால், இல்லை என்பதே என் கருத்து. ஆனால் மனுவில் என் கருத்துக்கு வேலையில்லை. எதிர்ப்பதற்கு முன் முகவுரையைப் படியுங்கள்.

இந்திய நிலத்தை வேறு நாட்டுக்கு விட்டுக்கொடுப்பது

சாதாரணச் சட்டம் போதாது, அரசமைப்புத் திருத்தம் வேண்டும். பெருபாரி விவகாரத்தில் 1960இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

வெளிநாட்டுத் தீர்ப்பை அப்படியே தூக்கி வருவது

அமெரிக்காவின் மிசௌரி எதிர் ஹாலண்ட், 1920. வலசைப் பறவைகள் ஒப்பந்தத்துக்காக இயற்றிய கூட்டாட்சிச் சட்டம் மாநில எதிர்ப்பைத் தாண்டி நின்றது. எல்லோருக்கும் பிடித்த மேற்கோள். ஆனால் 1937இல் கனடா விஷயத்தில், அன்று அந்நாட்டுக்கும் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் நேரெதிராகச் சொன்னது: ஒப்பந்தம் போட்டதால் மாகாணத்தின் பொருள் மத்திக்கு வந்துவிடாது. ஒவ்வொன்றும் அந்தந்த அரசமைப்பின் வாசகத்தில் பிறந்தது. நமக்கு 253 இருக்கும்போது மிசௌரி எதற்கு?

“உள்நாட்டில் செல்லுமென்றால் வெளியிலும் சிக்கலில்லை”

மாநிலச் சட்டம் உள்ளூர் நீதிமன்றத்தில் தப்பினாலும் வெளியே பதில் சொல்ல வேண்டியது நாடுதான். இதில் இந்தியா புகார்தாரராக நின்ற வழக்கு ஒன்று உண்டு. வாஷிங்டன், கலிபோர்னியா, மொன்டானா உள்ளிட்ட அமெரிக்க மாநிலங்கள் உள்ளூர்ப் பொருளைப் பயன்படுத்தும் சூரிய மின்திட்டங்களுக்கும் மற்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றல் திட்டங்களுக்கும் சலுகை கொடுத்தன. இந்தியா 2016இல் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது; 2019 ஜூனில் அதன் விசாரணைக் குழு இந்தியாவின் பக்கம் தீர்த்தது. அந்தத் தீர்ப்பால் எந்த மாநிலச் சட்டமும் தானாக ரத்தாகவில்லை. மாற்ற வைக்கும் பொறுப்பு அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் தலையில். அது மேல்முறையீடு செய்தது. அந்த ஆண்டு டிசம்பரில் போதிய உறுப்பினர்கள் இல்லாமல் மேல்முறையீட்டு அமைப்பே முடங்கியது.