"நாளையிலிருந்து நீ லைனைப் பார்த்துக்கோ"

பேரணாம்பட்டு பக்கம் ஷூவின் மேல்பாகம் (அப்பர்) தைக்கிற ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மேலே இருக்கிற வரியைச் சொல்லி என்னை ஒரு லைனுக்கு, அதாவது வரிசையாக உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு, சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். தையல் தெரியும், நிர்வாகம் தெரியாது. சத்தம் போடுவதுதான் அந்த வேலை என்று நினைத்து முதல் மாதம் முழுக்கச் சத்தம் போட்டேன். தொண்டை கட்டிக்கொண்டது, தைத்து இறங்குகிற ஜோடிக் கணக்கு ஏறவில்லை. என்னை மாதிரி திடீரென்று மாட்டிக்கொண்டவர்களுக்கு இது.

முதல் நாளே ஒரு நோட்டு வாங்குங்கள். நூல், ஊசி, பசை, மெக்கானிக், லீவு என்று ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்தில் இரண்டு பெயர்: இதை யார் கொடுப்பார், அவர் இல்லாவிட்டால் யார் கொடுப்பார். அந்த இரண்டாவது பெயர்தான் முக்கியம். எனக்கு அது தெரிந்தது ஒரு கறுப்பு நூலால்.

காலை பதினோரு மணிக்கு நூல் தீர்ந்தது. ஸ்டோரில் நூல் கோன் அடுக்கி வைத்திருப்பது கம்பிக் கதவு வழியாகவே தெரிகிறது. ஸ்டோர்காரர், "சார் கையெழுத்து இல்லாம இன்னாமா பண்றது, என் தலைதான் உருளும்" என்கிறார். சார் சென்னைக்குப் போயிருந்தார், போனும் எடுக்கவில்லை. இருபத்து நாலு பெண்கள் சாப்பாட்டு மணி வரை சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டோர்காரர் மேல் தப்பில்லை, அவருக்குச் சொன்னது அவ்வளவுதான்.

இதைச் சொல்லிப் புலம்பியபோது, பி.காம். படித்துக்கொண்டிருந்த என் மகள் ஆன்றி ஃபயோல் கதையைச் சொன்னாள். பிரான்ஸில் நிலக்கரிச் சுரங்க இன்ஜினியர். 1861-ல் சுரங்கத்துக்குள் வேலை செய்த குதிரைக்குக் கால் ஒடிந்திருக்கிறது. வேறு குதிரை கேட்டு இவர் சீட்டு எழுதிக் கொடுத்தால், இயக்குநர் கையெழுத்து இல்லை என்று லாயக்காரர் தர மறுத்துவிட்டார். இயக்குநர் ஊரில் இல்லை, அவருக்குப் பதிலாக யாரையும் வைத்துவிட்டும் போகவில்லை. அந்தப் பகுதியில் அன்றைக்கு உற்பத்தி போச்சு. அதே ஃபயோல்தான் 1916-ல் நிர்வாகத்தை ஐந்தாகப் பிரித்து எழுதினார்: திட்டமிடுதல், ஆளையும் பொருளையும் அமைத்தல், ஆணையிடுதல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்துதல். ஐந்தில் ஒன்றுதான் ஆணை. நான் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன்!

அடுத்த வாரமே சாரிடம் பேசி, ஒரு நாளைக்கு இரண்டு கோன் வரை என் கையெழுத்து போதும், நான் இல்லாவிட்டால் முதல் மெஷின் பெண் போடலாம் என்று எழுதி வாங்கினேன்.

அப்புறம், லைனை நடந்து பாருங்கள். ஸ்டாப்வாட்ச் எல்லாம் வேண்டாம். எந்த சீட்டுக்கு முன்னால் பீஸ் குவிகிறது என்று பார்த்தால் போதும். எங்கள் லைனில் மற்றவர்களுக்கு ஒரு ஜோடிக்கு 60 விநாடி ஆனால், ஓரத்தை மடிக்கிற ஃபோல்டிங்கில் இருந்தவருக்கு 90 விநாடி. அப்படியானால் மணிக்கு 40 ஜோடிதான் வரும். மற்றவர்கள் 60 தைக்கிற வேகத்தில் ஓட்டினாலும் கடைசியில் இறங்குவது 40தான். வேகமாகத் தைப்பவளை இன்னும் விரட்டுவது வீண்.

குவிகிற இடத்தில் இருப்பவரைத் திட்டவும் வேண்டாம். நான் திட்டினேன். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு பீஸை எடுத்து என் கையில் கொடுத்தார். ஓரம் தடியாக இருந்தது. ஸ்கைவிங்கில் ஓரத்தை மெலிதாகச் சீவி அனுப்பினால்தான் பசை தடவி, மடித்து, சின்னச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் படியும். பிளேடு மழுங்கிப்போய் அரைகுறையாகச் சீவி வந்ததை இவர் மூன்று நான்கு தட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். பிளேடைச் சாணை பிடித்தோம், குவியல் மதியத்துக்குள் கரைந்தது. சில சமயம் இரண்டாவது ஆள் போட்டே ஆக வேண்டியிருக்கும், ஆனால் முதலில் முந்தின சீட்டைப் பாருங்கள்.

ஊசி விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. ஒடிந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி. ஷூவுக்குள் போய்விட்டால் யாரோ ஒரு குழந்தையின் காலில் ஏறும். ஆனால் திட்டுக்குப் பயந்தால் மறைப்பார்கள். என் லைனில் ஒரு பெண் மறைத்தாள். செக்கிங்கில் மெட்டல் டிடெக்டர் கத்த, பேக் பண்ணின பெட்டியை எல்லாம் பிரித்தோம், ராத்திரி எட்டரை வரை. மறுநாள், "ஒடிஞ்சா கையத் தூக்குங்க, ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்று சொன்னேன். அந்த மாதம் ரிஜிஸ்டரில் ஊசி எண்ணிக்கை கூடியது. நல்லதுதான், அதுவரை எல்லாம் எங்கே போயிற்றோ.

காலண்டரையும் பக்கத்தில் வையுங்கள். வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்றைக்கு ஆள் வராது, மறுநாளும் பாதி வராது. ரம்ஜான் மாதத்தில் இடைவேளையை மாற்ற வேண்டும். இதெல்லாம் திடீரென்று வந்துவிட்டது என்று மேலே போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்.

போன வருஷம் அக்கா பெண் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு போட்டேன். கம்பெனியிலிருந்து ஒரு போன்கூட இல்லை. திரும்பி வந்து ஸ்டோர் நோட்டைப் புரட்டினால், முதல் மெஷின் பெண்ணின் கையெழுத்தில் ஒரே நாளில் மூன்று கோன் கறுப்பு நூல். வரம்பு இரண்டுதான். கேட்க வேண்டும்.