மழை விட்ட மறுநாள் செம்மண் பாதை: உருட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்

செம்பனைத் தோட்டத்துக்குள் சைக்கிளையோ மோட்டாரையோ விடுவதற்கு முன், பாதையில் ஒரு சிட்டிகை மண் எடுத்து, கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, உள்ளங்கையில் உருட்டுங்கள். விளக்குத் திரி கனத்துக்கு, சுமார் 3 மில்லிமீட்டருக்கு, உடையாமல் திரியாக வந்தால் திரும்பிவிடுங்கள். அதற்கு முன்பே பொடிந்து உதிர்ந்தால் தாராளமாகப் போகலாம்.

செம்மண்ணில் களி அதிகம். திரியாகும் அளவுக்கு ஈரம் இருக்கும்வரை அது டயரில் அப்பிக்கொண்டே வரும். மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரமே சுற்றாது. ஈரம் குறைந்ததும் அதே மண் இறுகி, பாரத்தைத் தாங்கும். சாலை போடுகிறவர்கள் மண்ணைச் சோதிப்பதும் இதே 3 மில்லிமீட்டர் கணக்கில்தான்.

மண்ணை எங்கே எடுக்கிறோம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் தோட்டத்து வாசல் வெயிலில் காய்ந்து வெளிறிக் கிடக்கும். நூறு அடி உள்ளே போனால் செம்பனை மட்டைகள் கூரை போட்டிருக்கும், நேற்றைய மழை அப்படியே இருக்கும். அதனால் நிழலில், லோரி சக்கரம் பதிந்த பள்ளத்தின் ஓரத்தில் எடுங்கள்.

மணல் கலந்த பாதைக்கு இது உதவாது; நனைந்திருந்தாலும் மணல் திரியாகாது. கடலோரப் பக்கத்துக் கரிமண் (இலைதழை மக்கிய சதுப்பு மண்) நிலத்திலும் நம்ப வேண்டாம், அது கையில் உதிரும், காலை உள்ளே இழுக்கும். அப்புறம், காய்ந்த மேட்டில் உருளும் சரளைக்கல் வேறு விஷயம். அங்கே பிரேக்கை மெதுவாகத்தான் பிடிக்க வேண்டும்.