கொல்லைப்புறத்தில் ஒரு யாளி: கையைக் கடிக்காத செலவில் படமெடுக்க

கோயில் தூணில் சிங்க உடலும் துதிக்கையுமாக நிற்கும் யாளி, ஓர் இரவு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டுக் கொல்லையில் துணிக்கொடிக்குப் பின்னால் வந்து நிற்கிறது. இதை எடுக்க முழு உடல் செய்ய வேண்டாம். ஒரு தலை, ஒரு வால், ஒரு நிழல் போதும்.

முதலில் தலை. பாதி முகத்தைச் செய்தித்தாளில் வரைந்து, அதையே திருப்பிப் போட்டு மறுபாதிக்கும் 10 மி.மீ. ஈவா ஃபோமை (மெத்தென்ற நுரைத்தகடு) வெட்டுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, இரண்டு விளிம்பிலும் கான்டாக்ட் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை, சுமார் 10 நிமிடம், காயவிட்டு அழுத்துங்கள். அவசரப்பட்டால் பிரிந்துவிடும். டர்பன் கோடையில் காற்றின் ஈரமே பசைமேல் படிந்து பிடிப்பைக் கெடுக்கும். அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை தோது.

தண்ணீர் கலந்த மரப்பசை மூன்று பூச்சு, பிறகு கறுப்பு அக்ரிலிக். அது காய்ந்ததும் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் சாம்பல் நிறத்தை மேடுகளில் மட்டும் உரசுங்கள். கல் வந்துவிடும்.

கண்ணில்தான் உயிர் இருக்கிறது. காசு செலவழிப்பதானால் இங்கே செலவழியுங்கள். அடி தட்டையாகவும் மேல் உருண்டையாகவும் உள்ள 40 மி.மீ. கெட்டிக் கண்ணாடிக் குமிழ் இரண்டு வாங்கி, விழிப்படத்தை அடியில் காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். கெட்டிக் கண்ணாடி படத்தைப் பெரிதாக்குவதால் பார்வை நம்மைத் தொடர்வதுபோல் இருக்கும். உள்ளீடற்ற பிளாஸ்டிக் மூடியில் இது வராது. கண்ணுக்குள் பல்பு வைத்தால் பொம்மையாகிவிடும். லென்ஸுக்குப் பக்கத்தில் சின்ன டார்ச் பிடித்து, விழியில் ஒரே ஒரு ஒளிப்புள்ளி விழச் செய்யுங்கள். ஷாட்டுக்கு முன் இமையோரம் ஒரு சொட்டு கிளிசரின்.

தென்னாப்பிரிக்க மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று கையால் வையுங்கள். 30 பிரேம், 1/60 என்றால் பல விளக்குகளின் கீழ் படம் துடிக்கும், பட்டை ஓடும். வால் அசைவை மட்டும் 50 பிரேமில், ஷட்டர் 1/100 வைத்து எடுத்து 25-இல் ஓட்டுங்கள், கனம் தெரியும்.

நிழலுக்குக் கொடியில் ஒரு வெள்ளை வேட்டி போதும். பின்னால் ஒற்றை எல்இடி, நடுவில் தலை மாட்டிய நடிகர். விளக்கை நெருங்க நெருங்க நிழல் வளரும். விளக்கு அகலமாக இருந்தால் ஓரம் மங்கி, துதிக்கை தெரியாமல் போகும். ஜூனில் 5 மணிக்குச் சற்றுப் பிறகு சூரியன் இறங்கும். வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

குரலுக்கு, அம்மிமேல் குழவியை மெதுவாக இழுத்துப் பதிவுசெய்து, வேகத்தைப் பாதியாக்குங்கள்.